பழுப்பு அட்டைப் பதிப்பு

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் நீங்கலாக நான் நலம். உன் சர்க்கரையும் பாப்பாவின் இருமலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதவும். போனில் கேட்கலாம் என்றால், உன் காது மந்தத்துக்கு நான் கத்த, "மாமா, யார்கூட சண்டை?" என்று மருமகன் ஓடி வருகிறார். நமக்குக் கடிதம்தான் சரி.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். நம் படம் புதுப்பதிப்பாக வந்துவிட்டது! தகரப் பெட்டி, உள்ளே நாலு டிஸ்க், தலையணை மாதிரி ஒரு புத்தகம். படம் வெளிவந்து ஐம்பது வருஷம் ஆனதற்காம். மூலச் சுருளைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு பிரேமாகத் துடைத்திருக்கிறார்கள். பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கு மட்டம் போட்டு, விட்டுவிட்டுப் போனால் காட்டிக் கொடுத்துவிடுவாள் என்று பாப்பாவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோமே, அன்றுகூட இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. படை ஆற்றைக் கடக்கும் இடத்தில் பழைய டிஸ்கில் வெறும் புழுதிதான் இருக்கும். இதில் ஆயிரம் முகமும் தனித்தனியாகத் தெரிகிறது. மூன்றாம் வரிசையில் ஒருத்தன் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறான். மன்னர் காலத்தில்! வெட்டி எறிந்த பத்தொன்பது நிமிடத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

மருமகன் இரண்டு பெட்டி வாங்கி வந்தார், ஒன்று உனக்கு. என்னுடையதை நான் இரண்டு தடவை பார்த்தாயிற்று. காலை ஒன்பதுக்கு எல்லோரும் கிளம்பினால், மூன்று மணிக்குப் பேத்தி பள்ளியிலிருந்து வரும்வரை வீடு என் ராஜ்யம். பதினேழாம் மாடி. ஜன்னல் திறக்காது, ஆனால் காட்சி பிரமாதம். லிப்டுக்கு ஒரு அட்டை வேண்டும், அது மகளிடம் இருக்கிறது. எனக்கும் கீழே என்ன வேலை?

போன மூன்று கடிதங்களில் அடியில் பாப்பா எழுதும் இரண்டு வரி இல்லை. அண்ணன் மேல் என்ன கோபம் என்று கேட்டு எழுது.

இப்படிக்கு,
மேலே இருக்கும் மச்சான்


பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். சர்க்கரை தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். பாப்பாவும் நலம். வலது மணிக்கட்டில் சுளுக்கு, பேனா பிடிக்க முடியவில்லை. கோபம் ஒன்றும் இல்லை.

பெட்டி கிடைத்தது. முழுதாகப் பார்க்க முடியவில்லை. சரக்குக் கொட்டகையில் முப்பத்து நான்கு வருஷம் மூட்டையையும் சீட்டையும் ஒப்பிட்டே வயிறு வளர்த்தவன் நான், ஆகவே என் கண்ணை நீ சந்தேகப்பட முடியாது. சாயங்காலக் காட்சிகள் எல்லாம் நீலமாகிவிட்டன. பழையதில் மஞ்சள். முரசுச் சத்தம் முதுகுப் பக்கமிருந்து வருகிறது, வீட்டுக்குள் யாரோ நுழைந்த மாதிரி இருக்கிறது. சிறை வாசலில் அரசி "கதவைத் திற" என்பதற்கும் காவலன் "யாரது?" என்பதற்கும் நடுவே ஒன்பது வினாடி கூடியிருக்கிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அந்த ஒன்பது வினாடியில் அரசி சும்மா நிற்கிறாள். எதற்கு இது?

ஒரு உதவி. பழைய இரண்டு டிஸ்க் பதிப்பு, பழுப்பு அட்டை, மேலே குதிரைத் தலை போட்டது, அங்கே பழைய கடைகளில் கிடைக்குமா? நம்மிடம் இருப்பதில் இரண்டாவது டிஸ்க் நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் நின்றுவிடுகிறது. துணியால் துடைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று பற்பசைகூடத் தடவினேன். இங்கே எங்கும் இல்லை. அதே பழுப்பு அட்டைதான் வேண்டும். கொஞ்சம் அவசரம்.

மகள், மருமகன், பேத்தி எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே யாவரும் சுகம். உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றுகிறது. அவசரமா? ஐம்பது வருஷமாகச் சிறை வாசலில் நிற்கிற அரசி இனிமேலா ஓடிப்போகப் போகிறாள்?

பழுப்பு அட்டை ஒரு பதிப்பா? திரையில் கொள்ளவில்லை என்று இரண்டு பக்கமும் படத்தை வெட்டியவர்கள் அவர்கள். மந்திரி ஆலோசனை சொல்லும் காட்சியில் மூக்கு மட்டும்தான் தெரியும், நாட்டுக்கு ஆலோசனை சொன்னதே ஒரு மூக்கு என்று நினைக்கத் தோன்றும். மேல் மூலையில் ஒரு தலைமுடி வேறு படம் முழுக்க நெளியும். புதியதில் நான் கண்டுபிடித்த விஷயம் கேள்: எதிரி மன்னனுக்கு மேல்வரிசை முழுக்கப் பல் செட்! கடைவாய்ப் பக்கம் ஈறின் நிறம் சரியாகச் சேரவில்லை. நாற்பது வருஷம் பல் செட் செய்தவன் கண்ணுக்கு இப்போதுதான் தப்பாமல் தெரிகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு மங்கல்தான் வேண்டும் என்கிறாயே.

பழைய பொருள் கடைகள் இருக்கும் பக்கம் கூட்டிப்போகச் சொல்லி மகளிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை போலாம்ப்பா" என்றாள். இரண்டு ஞாயிறு போய்விட்டது. கடைசியில் மருமகன் எங்கோ சொல்லி வெள்ளி அட்டை ஒன்று வரவழைத்தார். பழுப்புக்குப் பின்னால் வந்தது, அதே பிரிண்ட், அதே மஞ்சள், அதே தலைமுடி. இரண்டு டிஸ்கை ஒன்றாக்கிவிட்டார்கள், நடுவில் எழுந்து மாற்ற வேண்டியதில்லை. உன் சோம்பேறித்தனத்துக்கு ஏற்றது. அனுப்பியிருக்கிறேன்.

பாப்பா கைக்கு ஒத்தடம் கொடு. கை சரியானதும் முதல் வரி எனக்குத்தான் என்று சொல்.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

வெள்ளி அட்டை சரிப்படவில்லை. நிறம் சரி, சத்தம் சரி. ஆனால் அது நிற்பதில்லை. பழுப்பில் முதல் டிஸ்க் முடிந்தால் திரை கறுத்துவிடும், எழுந்து அடுத்ததைப் போட வேண்டும். அந்த நேரத்தில்தான் சாப்பாடு. இது மூன்று மணி நாற்பது நிமிடமும் ஒரே மூச்சாக ஓடுகிறது. நான் ரிமோட்டில் நிறுத்தினால் மன்னன் வாயைத் திறந்தபடி திரையிலேயே நிற்கிறான். டிவியை அணைத்தால் வேறு தொல்லை. நீ சிரிக்காதே.

பழுப்பிலேயே இரண்டு விதம் உண்டு என்று இங்கே ஒரு கடைக்காரர் போனில் சொன்னார். அட்டையின் முதுகில் எழுத்து வெள்ளையாக இருப்பதுதான் நம்முடையது. மஞ்சள் எழுத்து வேண்டாம், அதில் இரண்டாவது டிஸ்க் வேறு இடத்தில் தொடங்குகிறதாம்.

நம் டிஸ்க் இப்போது முப்பத்தெட்டாம் நிமிடத்திலேயே நிற்கிறது.

பாப்பா நலம். மணிக்கட்டு அப்படியேதான்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

சுளுக்கு இரண்டு மாதம் இருக்காது. பல் செட் செய்தவனுக்கும் எலும்பைப் பற்றி அவ்வளவு தெரியும்.

போன ஞாயிறு காலை மகளின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீதான் எடுத்தாய். பின்னால் யாரோ கதவை இடித்தார்கள். வெளியே நின்று தட்டுகிறவர்கள் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். இது விடாமல் இடிக்கும் சத்தம். "யாருடா அது?" என்று கேட்டேன். "தப்பான நம்பர்" என்று வைத்துவிட்டாய். மூன்றாம் வகுப்பிலிருந்து கேட்கும் குரல் உனக்குத் தப்பான நம்பரா?

பெட்டியைக் கிளறி, போன ஆகஸ்டில் பாப்பா எழுதியதை எடுத்துப் பார்த்தேன். "அண்ணா, இங்கே மழை. குடை எடுத்துப் போ" என்று எழுதி, அடுத்த வரியிலும் அதையே எழுதியிருக்கிறாள். அன்றைக்குப் படித்துவிட்டுச் சிரித்தேன்.

நிற்காத டிஸ்கால் உனக்கு என்ன நஷ்டம்? இடைவேளை யாருக்கு வேண்டும், உனக்கா, அவளுக்கா? மறைக்காமல் எழுது.

மச்சான்


மே 6

மச்சானுக்கு,

நலம் என்று தொடங்கி நாலு தாளைக் கிழித்தாயிற்று. இந்தத் தடவை அதை விட்டுவிடு.

பாப்பாவுக்கு மறதி. சாவியை வைத்த இடம் மறக்கிறோமே, அந்த மறதி இல்லை. போன வருஷம் மார்ச்சில் தொடங்கியது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, தீப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு "இது எதுக்கு?" என்று என்னைக் கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது என்றார். இரண்டு தடவை வீட்டை விட்டுப் போய்விட்டாள். இரண்டாவது தடவை பெரிய சாலைக்கு நடுவில் நின்று லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வாசல் கதவுக்கு உள்பக்கம் பூட்டு. சாவி என் கழுத்தில். அவளைப் பூட்டி வைத்திருக்கிறேன், மச்சான். உள்பக்கப் பூட்டு என்பதால் அவளோடு நானும் உள்ளே.

சில நாள் என்னைத் தெரியும். பல நாள் தெரியாது. தெரியாத நாளில் யாரோ ஒரு ஆண் அவளைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறான் என்றுதானே அவளுக்குத் தோன்றும்? "ஐயா, எங்க அண்ணன் என்னைத் தேடுவாரு. கதவைத் திறந்து விடுங்க ஐயா" என்று கும்பிடுகிறாள். கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் ஆனவள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

அவளிடம் மிச்சம் இருப்பது நம் படம் ஒன்றுதான். அது எப்படித் தப்பித்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை. எல்லா வசனமும் தெரியும். ஒரு மூச்சு முந்திச் சொல்வாள். பிறகு அரசி அதையே சொல்வாள். உடனே "நான் சொன்னேன்ல?" என்று என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அவள் நினைத்தபடி நடக்கிற காரியம் உலகத்தில் அது ஒன்றுதான். படம் ஓடும் வரைக்கும் நாற்காலியை விட்டு அசையமாட்டாள். நான் குளிப்பது, சமைப்பது, துவைப்பது, தெருமுனைக் கடைக்கு ஓடுவது, உனக்கு எழுதுவது எல்லாம் அந்த நேரத்தில். முதல் டிஸ்க் முடிந்து திரை கறுத்தால் "இடைவேளை" என்று தானே எழுந்து வந்து சாப்பிடுவாள். வேறு எந்த வேளையிலும் தட்டைத் தள்ளிவிடுவாள்.

உன் தகரப் பெட்டி வந்த அன்று ஆசையாகப் போட்டேன். சிறை வாசல் வந்தது. "கதவைத் திற" என்றாள் பாப்பா, அரசியும் சொன்னாள். "யாரது?" என்றாள் பாப்பா. காவலன் சொல்லவில்லை. அந்தப் புது ஒன்பது வினாடி. "யாரது?" என்று மறுபடி கேட்டாள். அப்போது முதுகுப் பக்கம் முரசு அடித்தது. திரும்பினாள். அங்கே நான் நிற்கிறேன்.

"யாரு நீங்க? உள்ள எப்படி வந்தீங்க?"

"பாப்பா, நான்தான். என்னைப் பாரு."

"கிட்ட வராதீங்க!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிக் கதவில் நெற்றியை முட்டினாள். கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நெற்றி உடையாமல் இருக்கப் பிடித்தேன் என்று உன்னிடம் சொல்லிவிடலாம். முதலில் அதற்காகத்தான் பிடித்தேன். பிறகு பதினொரு மாதக் கோபமும் என் கைக்கு வந்துவிட்டது. மணிக்கட்டு சுளுக்கு என்று எழுதினேனே, அது பொய் இல்லை. சுளுக்கியது நான். அவளுக்கு இன்னும் பழையபடி விரல் மடங்கவில்லை.

ஊரை விட்டுப் போகும்போது நீ என்னிடம் சொன்னது "பாப்பாவைப் பாத்துக்கடா" என்ற ஒரே வார்த்தை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை.

டிஸ்க் முப்பத்திரண்டாம் நிமிடத்துக்கு வந்துவிட்டது. நின்றதும் மிச்ச வசனத்தை அவளே கொஞ்ச தூரம் சொல்லிக்கொண்டு போகிறாள். பிறகு வழி தெரியாமல் அழுகிறாள்.

மாப்பிள்ளை


மே 24

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு வரியை மட்டும் இரண்டாம் தடவை படிக்கவில்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. உன் முகத்தை நேரில் பார்த்தால் தெரியுமோ என்னவோ.

நானும் உன்னிடம் எல்லாம் சொல்லிவிடவில்லை. நவம்பரில் ஒரு நாள் நடக்கப் போனவன் வழி தவறிவிட்டேன். இங்கே எல்லாக் கட்டடமும் ஒரே அச்சில் வார்த்த பல் மாதிரி. பாஷையும் தெரியாது. நாலு மணி நேரம் கழித்துப் போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். அன்று மகள் அழுத அழுகையில் லிப்ட் அட்டையை நானே கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டும் அவள் பீரோவில். "பத்திரமா இருக்கட்டும்ப்பா" என்றாள். யாரும் என்னை அதட்டுவதில்லை. மூன்று வேளையும் சூடான சாப்பாடு. ஆறு மாதமாக நான் தரையை மிதிக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறு செவ்வாய், எல்லோரும் போனதும் தீ விபத்துக்காக வைத்திருக்கும் படிக்கட்டுக் கதவைத் தள்ளினேன். திறந்தது. நான் வெளியே வந்ததும் பின்னால் சாத்திக்கொண்டது, படிக்கட்டுப் பக்கமிருந்து திறக்கப் பிடியே இல்லை. பதினேழு மாடியையும் இறங்குவதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை அவர்கள். ஒன்பதாம் மாடியில் உட்கார்ந்து முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்தினேன்.

மருமகன் வழக்கமாகச் சொல்லும் பழைய பொருள் கடை எட்டாவது பஸ் நிறுத்தத்தில் இருந்தது. கடைக்கார அம்மாவிடம் பேச எனக்கு வாய் இல்லை. ஒரு காகிதத்தில் குதிரைத் தலையை வரைந்து காட்டினேன். விலங்குகள் பற்றிய டிவிடி பத்து கொண்டுவந்து வைத்தார். ஆறு வரைந்தேன், ஈட்டி வரைந்தேன், கிரீடம் வரைந்தேன். கிரீடம் பல் செட் மாதிரி வந்துவிட்டது. அந்த அம்மா சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போய், ஏதோ நூலகம் கழித்துப் போட்ட பெட்டிகளைக் காட்டினார். தரையில் உட்கார்ந்து தேடினேன். ஐந்தாவது பெட்டியில் இருந்தது. பழுப்பு அட்டை. முதுகில் வெள்ளை எழுத்து.

திரும்பி வந்தால் கட்டடத்துக்குள் நுழைய அட்டை இல்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பேத்தியைக் கொண்டுவந்த பஸ் அம்மா பார்த்து மகளுக்குப் போன் போட்டுவிட்டார். அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் யாருக்குப்பா பதில் சொல்றது?"

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணுமே ஆகல."

பிறகு அத்தையைப் பற்றிச் சொன்னேன். "நீங்க போயி என்னப்பா பண்ணப் போறீங்க? உங்களையே ஒருத்தர் பாக்கணும்" என்றாள். பாஸ்போர்ட்டைத் தரமாட்டாளாம். டிஸ்கைத் தபாலில் போட்டுவிடலாமாம். நான் போடப் போவதில்லை. கையில் எடுத்து வருவேன்.

மச்சான்


ஜூன் 9

மச்சானுக்கு,

வராதே. தபாலில் போடு. அவளுக்கு உன்னை அடையாளம் தெரியாது, நீ தாங்கமாட்டாய். எனக்கும் உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

முப்பதாம் நிமிடம்.

மாப்பிள்ளை


ஜூன் 21

மாப்பிள்ளைக்கு,

இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். இந்த வயதில் அடம் பிடிப்பது வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியில் மருமகன் என் பக்கம் பேசினார். மகள் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்துவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது ஒன்றுதான் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.

ஜூலை 4 காலை வருகிறேன். கதவைத் திறக்கும்போது சாவி கையில் இருக்கட்டும், நான் உள்ளே வந்ததும் நானே பூட்டிவிடுகிறேன்.

மச்சான்


ஆகஸ்ட் 12

மச்சானுக்கு,

நீ என் வீட்டில் இருக்கிறாய், நான் உனக்கு வெளியூரிலிருந்து எழுதுகிறேன். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜ், ஆறாம் நம்பர் அறை. உயிரோடு இருக்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டு, நீ பேசுமுன் வைத்துவிட்டேன். அதற்கு மேல் போனில் சொல்ல என்னால் முடியாது.

ஓடிப்போவதற்காக நான் கிளம்பவில்லை. பல் துலக்கும் பிரஷ்கூட எடுக்கவில்லை. பாப்பாவின் மாத்திரைச் சீட்டுதான் பையில் இருந்தது. மருந்துக் கடையில் முன்னால் மூன்று பேர். கடைக்காரருக்கு என்னைத் தெரியும், எப்போதும் முண்டியடித்து வாங்கிக்கொண்டு ஓடுகிறவன். "அவசரமா சார்?" என்றார். "இல்ல, மெதுவா குடுங்க" என்றேன். சொன்னதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உண்மையாகவே அவசரம் இல்லை, வீட்டில் நீ இருக்கிறாய். பதினேழு மாதத்தில் முதல் தடவை. வரிசையை விட்டு வெளியே வந்தேன். நடந்தேன். ஸ்டேஷன் வந்தது. ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன். நீ வந்து இறங்கியதும் உன்னைப் பார்த்து "அப்பா" என்றாள். முடியெல்லாம் நரைத்து நீ மாமனார் மாதிரியே ஆகிவிட்டாய், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீ ஊட்டினால் சாப்பிடுகிறாள். உன் தோளில் சாய்ந்துகொள்கிறாள். நான் குழம்பு ஊற்றப் போனால் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறாள். உன்னிடம் அவள் காட்டுவதில் கால்வாசி என்னிடம் காட்டியிருந்தால் நான் இந்தப் பதினேழு மாதத்தை இன்னும் ஒரு தடவைகூடத் தாங்கிவிடுவேன்.

முதல் நாள் பதினான்கு மணி நேரம் தூங்கினேன். இப்போது பகலெல்லாம் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வர வேண்டும் என்று தெரிகிறது. கால் எழவில்லை. நீ திட்டலாம். உனக்கு உரிமை உண்டு.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 16

மாப்பிள்ளைக்கு,

பாப்பா நலம். நானும் முழங்காலும் நலம். நீ தூங்கினாய் என்று படித்ததில் சந்தோஷம்.

திட்டலாம் என்றாய், நீ சொல்வதற்கு முன்பே இரண்டு நாள் திட்டித் தீர்த்துவிட்டேன். மேல்வீட்டுத் தையல்கார அம்மா, "யாரைத் திட்டுறீங்க?" என்று இறங்கி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் உங்க மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார். இப்போது மதியம் ஒரு மணி நேரம் தையலை எடுத்துக்கொண்டு வந்து இங்கே உட்காருகிறார். நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது பெரிய தப்பு, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீ போன மூன்றாம் நாள் பாப்பாவுக்கு நான் அப்பா இல்லாமல் போய்விட்டேன். குளிக்க வைக்கப் போனபோது என் கன்னத்தைப் பிராண்டினாள். எரிச்சலில் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அரை நொடிதான். ஆனால் உலுக்கினேன். பிறகு பின்கட்டில் உட்கார்ந்து, உன் மே மாதக் கடிதத்தை எடுத்து, விட்டுவைத்த அந்த வரியைப் படித்தேன். அதற்கு உனக்கு நான் பதில் எழுத வேண்டியதில்லை என்று இப்போது தெரிகிறது.

பழுப்பு அட்டை தினமும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. நானும் உடன் உட்கார்ந்து பார்க்கிறேன். உன்னிடம் நான் தோற்றேன் என்று எழுதிக்கொள். புதுப்பதிப்பில் ஆயிரம் முகமும் தெரிகிறது என்று குதித்தேன். அந்த ஆற்றுக் காட்சியை ஒரு நாள் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இவரு யாரு? எனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள். பழுப்பில் வெறும் புழுதி. யாரையும் அடையாளம் கண்டுபிடிக்கச் சொல்லி அது அவளைக் கேட்பதில்லை. நிம்மதியாகப் பார்க்கிறாள்.

நான் இனி அங்கே போகவில்லை. மகளுக்கு எழுதிவிட்டேன். அவள் போனில் கொஞ்சம் அழுதாள், பிறகு அத்தைக்கு என்ன மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

நேற்று இடைவேளையில் நான் தட்டு வைத்தேன். பாப்பா சாப்பிடாமல் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு எங்க?"

"எந்த ஆளும்மா?"

"சாப்பாடு போடுவாரே, அவரு."

"ஊருக்குப் போயிருக்காரு."

"வருவாரா?"

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

மச்சான்


ஆகஸ்ட் 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலம்.

வருவார் என்று சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை காலை வண்டி. மாத்திரையை இங்கேயே வாங்கிவிட்டேன்.

வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். மாதத்தில் நாலு நாள் என்னை வெளியே விடு. மற்ற நாளில் நீ போ, உன் இஷ்டம்போல் தரையில் நட. வாசல் வரைக்கும் அவளையும் கூட்டிக்கொண்டு போய் வருவோம், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டால் எங்கே ஓடிவிடப் போகிறாள்? இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்கிறேன். தனியாள் இரண்டு பக்கமும் எப்படிப் பிடிப்பான்?

நான் வந்து நிற்கும்போது இவர் யார் என்று அவள் கேட்டால், புருஷன் என்று சொல்லிப் பயமுறுத்தாதே. சாப்பாடு போடுகிறவர் வந்திருக்கிறார் என்றே சொல். அவள் தேடியது அவரைத்தான்.

பாப்பாவுக்கு என் அன்பு.

மாப்பிள்ளை